என் பர்ஸில் இருந்த ஸ்பேர் ஃபியூஸ்

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் நடந்த சம்பவம் இது. என் மனைவியின் வலது கையில் இன்றைக்கும் ஐந்து விரல்களும் ஒழுங்காக இருக்கின்றன. அதில் என் பங்கு எதுவும் இல்லை. சொல்லப்போனால் அவை போய்விடுவதற்கு வேண்டிய காரியத்தை எல்லாம் குறைவில்லாமல் செய்தவன் நான்தான்.

முதலில் அந்த விரல்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. எங்கள் ஊரில் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் நிறைய. அவர்கள் கையில் தோல் தடித்து, நரம்பு எங்கேயோ உள்ளே ஒளிந்திருக்கும். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைவார்கள். இவள் வந்து இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பார்ப்பாள். அப்புறம் ஒரே குத்து, வேலை முடிந்தது. அதனால் சில பேர் வாசலிலேயே, "அந்தம்மா இன்னிக்கி வந்துகிறாங்களா?" என்று கேட்டு, இல்லை என்றால் மறுநாள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே விரல்கள் எங்கள் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும். கல்யாணம் என்றாலும் அவள்தான். நானும் ஒரு காலத்தில் பாடகர் குழுவில் நின்று வாயசைத்தவன். அங்கேதான் அவளைப் பார்த்தேன். விரல்களைத்தான் முதலில் பார்த்தேன், முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வர ஆறு மாதம் ஆயிற்று.

இனி கார். நான் வாரத்தில் ஐந்து நாள் விடியற்கால ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிற கூட்டத்தில் ஒருவன். எனக்குக் கார் தேவையே இல்லை. ஆனால் நாற்பத்தைந்து வயதில் ஆசை வந்தால் யார் தடுப்பது? பங்காருப்பேட்டையில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரிடம் பதினேழு வயதான ஒரு சின்னக் காரை வாங்கினோம். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள் பழைய கார் வாங்கிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

"வண்டி நல்ல வண்டி சார். சின்னச் சின்ன வேலை மட்டும் இருக்குது" என்றார் வாத்தியார். மனிதர் பொய் சொல்லவில்லை. எல்லாமே சின்ன வேலைதான். எத்தனை என்பதைத்தான் சொல்லவில்லை. இடது பக்கப் பின் கண்ணாடி, வேகத்தடையில் ஏறி இறங்கினால் தானாகக் கீழே போய்விடும். முன்னால் இருக்கிற டிராயர், பிரேக் போட்டால் வாயைப் பிளந்து பக்கத்தில் இருப்பவர் முழங்காலில் இடிக்கும். ஹெட்லைட் இரண்டும் மஞ்சள் காமாலை வந்த கண் மாதிரி இருக்கும். வைப்பரைப் போட்டால் மழையைத் துடைக்காது, சுரங்கக் கழிவைக் கொட்டி வைத்த சயனைட் மேட்டுத் தூசியை மழையில் குழைத்துக் கண்ணாடிக்குப் பூசிவிடும். டிரைவர் பக்கக் கதவை உள்ளே இருந்து திறக்க முடியாது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிப்பிடியை இழுத்துத்தான் நான் இறங்க வேண்டும். பார்க்கிறவர்கள் என்னை யாரோ கடத்திக்கொண்டு வந்து அடைத்து வைத்திருப்பதாக நினைத்திருப்பார்கள்.

நான் மெக்கானிக்கிடம் விடலாம் என்றேன். அவள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதுக்கெல்லாமா ஷெட்டு? நகருங்க" என்றாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீரில் சோடா மாவு கரைத்து ஊற்றிக் கழுவினாள். ஹெட்லைட்டைப் பற்பசை போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள், காமாலை முக்கால்வாசி தெளிந்தது. கதவின் உள்பலகையைக் கழற்றி, கழன்று கிடந்த கம்பியை மாட்டி, தையல் மிஷின் எண்ணெய் விட்டாள். நான் முதல் முறையாக உள்ளே இருந்து கதவைத் திறந்து கௌரவமாக இறங்கினேன். கண்ணாடி ஓடுகிற ரப்பரில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்தாள். எல்லாம் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் வீடியோ நானும்தான் பார்த்தேன். எனக்கு அந்தக் கை இல்லை. என் பங்கு டார்ச் பிடிப்பது. அதையும் அவள் பார்க்கிற இடத்துக்குப் பிடிக்காமல் நான் பார்க்கிற இடத்துக்குப் பிடிக்கிறேன் என்று திட்டு வாங்குவேன். சனிக்கிழமை சாயங்காலங்களில் இப்படித் திட்டு வாங்குவது எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

இதில் ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்கு எரிச்சல். அது அவளுடைய ஃபியூஸ் வழக்கம்.

அவளுடைய அப்பா, அதாவது என் மாமனார், சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். இப்போது அவர் இல்லை. சுரங்கத்தில் ஒரு மோட்டாரையோ பம்பையோ ரிப்பேர் செய்ய ஒருவர் போனால், முதலில் அதன் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய சட்டம். வேலை முடிந்து வந்து ரிப்பேர் செய்தவரே தன் கையால் திரும்பப் போடுகிற வரைக்கும் வேறு யாரும் அந்த சுவிட்ச் பக்கம் போகக் கூடாது. ஃபோர்மேன் சொன்னாலும் சரி, மேனேஜர் சொன்னாலும் சரி. கை யாருடையதோ, ஃபியூஸ் அவரிடம். சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் மூடவில்லை. பல்பு மாற்ற வேண்டுமென்றால் கூட இவள் மீட்டர் பக்கத்தில் இருக்கிற பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவாள்.

ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாலில் பல்பு ஹோல்டரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பாதி வேலையில் பரிசோதனை நிலையத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். கைப்பையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். ஃபியூஸ் கட்டையும் கூடவே ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்விட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஃபேன் கிடையாது, டிவி கிடையாது, ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் வழிகிறது. போன் செய்து, ஒரு ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பு என்று கெஞ்சினேன்.

"ஹோல்டர் வயரு தொங்கிக்கினு இருக்குது. நான் வந்துதான் போடுவேன்" என்று வைத்துவிட்டாள்.

மூன்று மணி நேரம் நான் வெந்தேன். மறுநாளே ரகசியமாக இன்னொரு பீங்கான் கட்டை வாங்கி, பைபிள் அலமாரிக்கு மேலே ஒளித்து வைத்தேன். இரண்டு தடவை அவள் கட்டையோடு வெளியே போயிருந்தபோது அதைச் செருகி ஜாலியாக ஃபேனுக்குக் கீழே படுத்திருந்துவிட்டு, அவள் வருவதற்குள் பிடுங்கி வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் என்னைக் கெடுத்தது. கார் வந்த பிறகு அதே புத்தியில் காருக்கும் நகத்தளவு பிளாஸ்டிக் ஃபியூஸ் மூன்று வாங்கிப் பர்ஸில் போட்டு வைத்தேன். ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு சிரிப்பு வேறு.

அந்த சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று ஐந்து மணிக்கு எங்கள் சர்ச்சில் ஒரு கல்யாணம். இவள் கீபோர்டு வாசிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போட வேண்டிய ரவிக்கை பங்காருப்பேட்டைத் தையல்காரரிடம் இருந்தது. கடைசி நிமிஷத்தில் கொடுக்கிறவர்தானே தையல்காரர்? நான் போய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது வண்டி சூடாகி முள் மேலே ஏற ஆரம்பித்தது. கூடவே முன்னாலிருந்து டக் டக் டக் என்று ஒரு சத்தம். வாசலில் நிறுத்தியதும் அவள் வெளியே வந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்தாள். ரேடியேட்டரைக் குளிர்விக்கிற ஃபேனைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதில் ஒரு திருகு எங்கேயோ கழன்று விழுந்து, மூடி சாய்ந்து ஃபேன் இறக்கையில் உரசிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். சின்ன வேலை.

"ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இழுத்துக் கட்டிட்டா போதும். அஞ்சு நிமிசம்" என்றாள். அந்த இடத்துக்குக் கை போக வேண்டுமென்றால் ஃபேன் இறக்கைகளுக்கு நடுவேதான் விட வேண்டும்.

இந்தக் காரில் ஒரு குணம் உண்டு. என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாலும், உள்ளே சூடு அதிகமாக இருந்தால் அந்த ஃபேன் தானாகவே சுற்ற ஆரம்பிக்கும். நிறையக் கார்களில் அப்படித்தானாம். இது எனக்குத் தெரியும். அவள்தான் வாங்கிய முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தாள். தெரிந்த விஷயம் தேவைப்படுகிற நேரத்தில் தலையில் இருக்க வேண்டுமே!

அவள் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து ஒரு மஞ்சள் ஃபியூஸைப் பிடுங்கினாள். நைட்டிக்குப் பை கிடையாது. அதைச் சில்லறை வைக்கிற சின்னப் பர்ஸில் போட்டு, பர்ஸை நைட்டிமேல் இடுப்பில் கட்டியிருந்த துண்டில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். டை எடுத்து வரத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து எனக்கு கிரிக்கெட் ஞாபகம் வந்தது. மேட்ச் ஆரம்பித்திருக்கும். வீட்டில் வழக்கம்போல் கரண்ட் இல்லை. செல்போனில் பார்க்கலாமென்றால் சார்ஜ் இரண்டு சதவீதம். சரி, காரில் போடலாம் என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சார்ஜரைச் செருகினேன். விளக்கு எரியவில்லை.

கீழே குனிந்து பார்த்தேன். ஃபியூஸ் பெட்டியில் ஒரு ஓட்டை காலி. 'இவள் பயந்துகொண்டு சார்ஜர் ஃபியூஸையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டாள்' என்று நானே முடிவு கட்டினேன். ஓட்டை ஒன்றுதான் காலியாக இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. வாத்தியார் காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் சார்ஜர் வயரை அந்த ஃபேன் வயரிலேயே முடிச்சுப் போட்டு வைத்திருந்தது பிற்பாடு தெரிந்த கதை. ஆனால் வாத்தியார்மேல் பழி போடமாட்டேன். பானெட் திறந்திருந்ததால் எதிரே ஒன்றும் தெரியவில்லை. அவள் திரும்பி வந்து அந்தப் பக்கம் நின்றிருந்தாளா இல்லையா என்பதும் எனக்குத் தெரியாது. "ஏம்மா, இதப் போடட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஸ்பேர் ஃபியூஸ் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். அதனால் கேட்கவில்லை. என் பர்ஸைத் திறந்து ஒரு ஃபியூஸை எடுத்துச் செருகினேன்.

சார்ஜர் விளக்கு எரிந்தது. அதே நொடியில் பானெட்டுக்குள்ளிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பின்னால் 'ம்ம்ம்ம்' என்று ஒரு உறுமல். அதற்கும் பின்னால் என் மனைவியின் குரல், "ஐயோ!" என்று.

அந்த ஒரு "ஐயோ"வில் எனக்கு எல்லாமே தெரிந்துவிட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஃபியூஸைப் பிடுங்க வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. கதவைத் திறந்து ஓடினேன். கால் பின்னிக்கொண்டு வாசற்படியில் முட்டி அடித்தது. அவள் இரண்டு அடி பின்னால் நின்று வலது கையை இடது கையால் பிடித்து நெஞ்சோடு அணைத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. நான் ரத்தத்தைத் தேடினேன். கையில், நைட்டியில், தரையில், எங்கேயும் இல்லை. நடுவிரல் முட்டியில் மட்டும் தோல் கொஞ்சம் உரிந்திருந்தது.

உள்ளே உறுமல் நிற்கவில்லை. எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கட்டைக் கரண்டி, ரவை கிண்டுகிற பெரிய கரண்டி, ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே குறுக்காகச் செருகி நின்றது. ஃபேன் சுற்றப் பார்த்துச் சுற்ற முடியாமல் அதில் முட்டிக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே போனவள் டை மட்டும் எடுத்து வரவில்லை, அதையும் எடுத்து வந்திருக்கிறாள். ஃபியூஸைப் பிடுங்கிய பிறகும் கரண்டியைச் செருகிவிட்டுத்தான் கையை உள்ளே விட்டிருக்கிறாள்.

அவள் முன்பக்கக் கதவுக்குப் போய்க் குனிந்து நான் போட்ட ஃபியூஸைப் பிடுங்கினாள். உறுமல் நின்றது. பிறகு இடுப்பிலிருந்த பர்ஸை எடுத்துத் திறந்து, முதலில் பிடுங்கிய மஞ்சள் ஃபியூஸை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"இது எங்கிட்ட கீது. அப்ப அங்க இன்னா கீது?"

கோபம் வந்தால்தான் அவளுக்கு அந்தக் 'கீது' வரும். நான் என் பர்ஸை எடுத்து அப்படியே நீட்டினேன். மீதி இரண்டு ஃபியூஸும் அதில் இருந்தன. பைபிள் அலமாரிக்கு மேலே இருந்த பீங்கான் கட்டையைப் பற்றியும் கேட்காமலேயே சொன்னேன். கிரிக்கெட்டையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என் மேல் காறித் துப்பலாம் போலிருந்தது. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் திட்டவில்லை. மஞ்சள் ஃபியூஸை என் சட்டைப் பையில் போட்டாள். பிளாஸ்டிக் டையை என் கையில் கொடுத்தாள்.

"நீங்க கட்டுங்க" என்றாள்.

கட்டினேன். கரண்டி அதே இடத்தில்தான் இருந்தது. ஃபியூஸ் என் பையில்தான் இருந்தது. இருந்தும் அந்த இறக்கைகளுக்கு நடுவே கையை விடுவதற்கு முன்னால் கரண்டியை ஒரு முறை ஆட்டிப் பார்த்தேன். உள்ளே அடுப்படிச் சூடு. பிளாஸ்டிக் இறக்கைதானே என்று நினைத்திருந்தேன். அதன் ஓரம் என் விரல் முட்டியில் பட்டது, கத்தி மாதிரி இருந்தது. இரண்டு தடவை பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவள் ஐந்து நிமிஷத்தில் முடிக்கிற வேலை எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவள் கார் கதவிலிருந்து பத்தடி தள்ளி, இரண்டு கையையும் எனக்குத் தெரிகிற மாதிரி முன்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எனக்கு வந்தது ஒரு கட்டைக் கரண்டியின் காம்பில் இருந்த வெட்டுத் தழும்போடு போயிற்று.

ஐந்து மணிக்குச் சர்ச்சில் இருந்தோம். நான் எப்போதும் முன்பக்கம் போய் உட்காருகிறவன். அன்று கடைசி வரிசையில் ஓரமாக, அவள் கை தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். பொண்ணு உள்ளே வருகிறபோது எல்லாரும் எழுந்து வாசல் பக்கம் திரும்பினார்கள். நான் மட்டும் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவிரலில் ஒரு சின்ன பிளாஸ்திரி. விரல்களை எண்ணினேன். வெட்கம் கெட்டுப்போய்த் திரும்பத் திரும்ப எண்ணினேன். பக்கத்தில் இருந்தவர், "இன்னாபா, உன் தங்கச்சி கல்யாணமா? இந்த அழுவ அழுவற" என்று கேட்ட பிறகுதான் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தால் பந்தியில் கூட்டம். கூட்டம் குறையட்டும் என்று இருவரும் சர்ச் வளாகத்தில் நிறுத்தியிருந்த காரில் போய் உட்கார்ந்தோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. நான்தான் ஆரம்பித்தேன். ஏன் ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை என்று கேட்டேன்.

அவள், "எங்கப்பாவுக்கு இந்த பீஸு சட்டம் யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாது இல்ல?" என்றாள்.

மேலதிகாரி யாராவது சொல்லியிருப்பார்கள் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மாமனாருக்கு அப்போது இருபத்து நாலு வயது, வேலைக்குச் சேர்ந்த புதிது. கீழே பூமிக்கடியில் ஒரு பம்ப் நின்றுபோயிருந்தது. ஒரு ஃபிட்டர் உள்ளே கையை விட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார். தண்ணீர் ஏறுகிறது, சீக்கிரம், சீக்கிரம் என்று யாரோ கத்தினார்கள். சுவிட்ச் பலகை தூரத்தில் இருந்தது. ஃபியூஸ் இல்லாததைப் பார்த்த என் மாமனார், யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தன்னிடம் இருந்ததைப் போட்டுவிட்டார். அந்த ஃபிட்டருக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று.

என் மாமனார் வாயாடி. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு நூறு சுரங்கக் கதை சொல்லியிருப்பார். இதை மட்டும் அவர் சொன்னதே இல்லை.

"அந்த மாமா எங்கப்பாவ ஒரு வார்த்த சொன்னது கெடையாது" என்றாள் அவள். "கிறிஸ்மஸ்க்கு எங்க வூட்டுக்கு வருவாரு. இடது கையில கேக்கு சாப்பிடுவாரு, சிரிப்பாரு, எங்களுக்கெல்லாம் ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போவாரு. அவரு போன பிறகு எங்கப்பா சாப்பிட மாட்டாரு. ரெண்டு நாளு. விரலு போன மனுசன் நல்லா தூங்கினாரு. எங்கப்பாதான் சாகற வரைக்கும் தூங்கல."

அதற்குப் பிறகுதான் ஃபியூஸைப் பையில் போடுவது. அதோடு இன்னொன்றும். ஃபியூஸ் பையில் இருந்தாலும், சுற்றுகிற எதற்குள்ளும் கையை விடுவதற்கு முன்னால் ஒரு மரத்துண்டைக் குறுக்கே செருகிவிடுவாராம். சின்னப் பெண்ணாக இருந்தபோது இவள் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். பீஸுதான் உங்க பாக்கெட்ல இருக்குதே, அப்புறம் கட்டை எதுக்குப்பா என்று.

"பீஸு எனக்கு. கட்டை உங்களுக்கு" என்றாராம் அவர்.

எனக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. வீட்டில் மனைவி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் தெரியாத்தனமாகச் சுவிட்சைத் தொடலாம், எதையாவது செருகலாம். தன் விரல் போவதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. போக வைத்தவர்களாக அவர்கள் மிச்ச வாழ்க்கையை ஓட்டக் கூடாது என்றுதான் கவலைப்பட்டிருக்கிறார். அந்தக் கஷ்டம் என்னவென்று அவருக்குத் தெரியுமே.

"உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றாள். குரலில் கொஞ்சம் சிரிப்பு வந்திருந்தது. "அவசரம். கேக்கறதுக்கு ரோசம். ஸ்பேர் வெச்சிருக்கறது தெரியாது, ஆனா இன்னாவோ பண்ணுவீங்கன்னு தெரியும்." பிறகு கையைத் திருப்பி அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "விரலு போயிருந்தா உங்கள நான் மன்னிச்சிருப்பேன். ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். நீங்கதான் எங்கப்பா மாதிரி தூங்காம கெடந்திருப்பீங்க. அத்த நெனச்சாதான் எனக்கு பயமா இருந்திச்சி."

பந்தியிலிருந்து யாரோ கை தட்டி எங்களைக் கூப்பிட்டார்கள். அவள் இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தாள். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷத்துக்குப் பிறகு நான் போனபோது என் இலையில் அவளே பிரியாணி போட்டு வைத்திருந்தாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் என் தப்புகளை அவள் எத்தனையோ தடவை மன்னித்திருக்கிறாள், அதை நான் பெரிய மனசு என்று நினைத்துச் சௌகரியமாக இருந்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான், நான் தப்பு செய்வேன் என்று தெரிந்தும் அதைச் சுமக்கிற பாரம் எனக்கு வராமல் பார்த்துக்கொள்கிற ஒருத்தியோடு வாழ்கிறேன் என்பது தெரிந்தது, அந்த நினைப்பு வரும்போதெல்லாம் ஓடுகிற ரயிலிலும் எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.